பிழையின் இலக்கணம்: சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ நூலும் சிறுவர் நூல்களின் நிலைபேறும்

1. முன்னுரை

அச்சேறும் சிறுவர் நூல்களுள் மிகப் பெரும்பாலானவை, அவற்றை முதலிற் படித்த சிறுவர் வளர்ந்து பெரியவராவதற்குள் வழக்கொழிந்து போகின்றன. மிகச் சில நூல்களே மூன்று, நான்கு தலைமுறைகளைக் கடந்தும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. இந்நிலைபேற்றுக்குக் காரணம் கூறுவோர் கற்பனை வளம், நீதிப் பயன், ஓவியச் சிறப்பு ஆகிய மூன்றினையே பெரிதும் சுட்டுவர். ஆயின் மறைந்துபோன நூல்கள் பலவற்றிலும் இம்மூன்றும் குறைவின்றி இருந்தன. எனவே, நிலைத்த நூலை நிலையாத நூலினின்று பிரித்துக் காட்டும் கூறுகளாக இவற்றைக் கொள்ள இயலாது.

வங்காள மொழியில் 1923இல் வெளிவந்த சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ என்னும் பாடல் நூலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வினாவை மொழியியல் நோக்கில் அணுக இக்கட்டுரை முற்படுகிறது. குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்னரே தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பெரும்பாலும் கைவரப் பெற்றுவிடுகிறது. ஆனால் தான் அதனை அறிந்திருப்பதை அது அறிவதில்லை. இந்நூல் அவ்வறிவைத் தொட்டு எழுப்பி, அதன் உடைமையாளன் தானே என்னும் மகிழ்ச்சியைக் குழந்தைக்கு அளிக்கிறது. நூலில் உள்ள ஒவ்வொரு மீறலும் மீறப்படாத பல விதிகளின்மேல் நிற்கிறது. இதுவே இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்து ஏற்கப்படின், இத்தகைய நூலை மொழிபெயர்ப்போர் எதனை மொழிபெயர்க்க வேண்டும் என்பதும் மாறும். அதனை இறுதிப் பகுதி விளக்கும்.

2. நூலும் அதன் வரலாறும்

சுகுமார் ராய் (1887–1923) உபேந்திரகிஷோர் ராய்சௌதுரியின் மகன். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தந்தை. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்று, 1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று அச்சுத் தொழில்நுட்பம் கற்றார். தந்தையார் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழையும், குடும்பத்தாரின் ‘யு. ராய் அண்ட் சன்ஸ்’ அச்சகத்தையும், 1915இல் தந்தையார் மறைந்தபின் ஏற்று நடத்தினார். கருங்காய்ச்சலால் தாக்குண்டு 1923 செப்டம்பர் 10ஆம் நாள், தம் 35ஆம் வயதில் மறைந்தார். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19இல் ‘ஆபோல் தாபோல்’ வெளிவந்தது. பாடல்களுக்குரிய ஓவியங்களும் அவர் வரைந்தவையே.

இந்நூலின் நிலைபேறு அக்குடும்பத்தின் புகழால் விளைந்தது எனச் சிலர் கருதலாம். சத்யஜித் ராய் 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கியதும், 1987இல் தம் தந்தையைப் பற்றி ஆவணப்படம் எடுத்ததும் உண்மையே. ஆயின், சத்யஜித் ராயின் முதற்படம் வெளிவந்த ஆண்டு 1955. அதற்கு முன்னரே நூல் 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் குடும்ப அச்சகமும் கைவிட்டுப் போயிற்று, இதழும் நின்றது. நூலைக் கைதூக்கிவிட நிறுவனம் எதுவும் இல்லாத அக்காலத்தும் பாடல்கள் வாய்வழி வாழ்ந்தன. புகழ் நூலைப் பரப்பியிருக்கலாம். அது உயிரோடிருந்ததற்கு வேறு காரணம் தேடல் வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. 1855இல் ஈசுவரசந்திர வித்யாசாகர் எழுதிய ‘வர்ணபரிசய்’ என்னும் அரிச்சுவடி ‘ஆபோல் தாபோல்’ நூலினும் நெடிது வாழ்ந்துவருகிறது. சொற்கேட்கும் கோபாலையும் சொற்கேளாத ராக்காலையும் அறியாத வங்காளியர் அரியர். அந்நூலின் நிலைபேறு பள்ளி விதித்த நிலைபேறு. கல்விமுறை உள்ளவரை அது நிற்கும். நாம் ஆராயப் புகுவது, விதிப்பார் எவருமின்றி ஒரு நூல் நிற்பதனை.

3. கலவைச் சொற்களின் அமைப்பு

நூலில் மிகப் பரவலாக அறியப்பட்ட பாடல்களுள் ஒன்று ‘கிச்சுடி’. அரிசியும் பருப்பும் கலந்த உணவின் பெயரே பாடலின் பெயர். அதில் இரண்டிரண்டு விலங்குகள் ஒன்றாகக் கலந்து புதுவிலங்காகின்றன. அவற்றின் பெயர்களும் அவ்வாறே கலக்கின்றன. இரு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து உண்டாகும் சொல்லை இங்குக் ‘கலவைச் சொல்’ எனக் குறிப்போம். மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்:

(அ) ஹாஷ் (வாத்து) + ஷஜாரு (முள்ளம்பன்றி) = ஹாஷ்ஜாரு
(ஆ) பக் (கொக்கு) + கச்சப் (ஆமை) = பகச்சப்
(இ) ஹாதி (யானை) + திமி (திமிங்கிலம்) = ஹாதிமி

பாடலின் தொடக்கத்திலேயே பாடுபவர் தமக்கு இலக்கணம் ஒரு பொருட்டன்று என அறிவித்துவிடுகிறார். மேற்காட்டிய சொற்களை நோக்கின், அவ்வறிவிப்பு ஒரு விளையாட்டே எனத் தெளிவாகும். முதற்சொல்லின் இறுதியும் இரண்டாம் சொல்லின் முதலும் ஒரே ஒலியாக உள்ள இடத்தில்தான் கலவை நிகழ்கிறது. (அ)வில் அவ்வொலி அண்ண உரசொலியாகிய ஷகரம், (ஆ)வில் ககரம், (இ)யில் ‘தி’ என்னும் முழு அசை. பொதுவான பகுதி ஒருமுறையே ஒலிக்கிறது. ஆனால் இரு சொற்களுக்கும் உரியதாக நிற்கிறது. (ஆ)விலும் (இ)யிலும் எச்சொல்லும் ஓரொலியைக்கூட இழக்கவில்லை. (அ)வில் மட்டும் ஓர் உயிர் மறைகிறது.

இதனால் கலவைச் சொல்லுக்கு இரண்டு நிபந்தனைகள் பெறப்படும். ஒன்று, கவிதல்: இரு சொற்களும் ஓர் ஒலியையேனும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். மற்றொன்று, மீட்பு: கேட்போர் இரு சொற்களையும் தாமே பிரித்தறியக் கூடியதாய் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய சொல்லைக் கேட்ட குழந்தைக்கு எவரும் பொருள் உரைக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பு அதனுடையதாகிறது. லூயி கரோலின் 1871ஆம் ஆண்டு நூலில் இத்தகைய சொற்களுக்கு ஒரு முட்டை உருவினன் ஆலிசுக்குப் பொருள் விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. சுகுமாரின் சொற்களுக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. இன்றைய வங்காளத்தில் ‘ஹாஷ்ஜாரு’ என்பது பொருந்தாக் கலப்பு எதனையும் குறிக்கும் பொதுச் சொல்லாக வழங்குகிறது. ஒரு சிறுவர் நூலின் புனைசொல் பேச்சுமொழியின் சொற்றொகுதியில் இடம்பெறுவதினும் பெரிய நிலைபேற்றுச் சான்று வேண்டுமோ?

4. உறங்கும் வினைகளும் ஒலிக்குறிப்புகளும்

நூலின் இரண்டாவது உத்தி ‘சப்தகல்பத்ரும்’ என்னும் பாடலில் வெளிப்படுகிறது. அத்தலைப்பு 19ஆம் நூற்றாண்டில் ராஜா ராதாகாந்த தேவ் தொகுத்த புகழ்பெற்ற வடமொழி அகராதியின் பெயர். ‘சொல்லாகிய கற்பக மரம்’ என்பது அதன் பொருள். மரத்தைக் குறிக்கும் ‘த்ரும்’ என்பது, அச்சொல்லின் வரலாறறியாத குழந்தையின் செவிக்கு வெடியோசையாகக் கேட்கிறது. பாடலும் அவ்வாறே வெடிச்சத்தத்துடன் தொடங்குகிறது. பட்டாசு வெடிக்கிறது என எண்ணியவர்க்கு, அது பூ மலரும் ஓசை எனக் கூறப்படுகிறது. நிலவு நீரில் அமிழும் ஓசையும், இரவு வெட்டுப்படும் ஓசையும், உறக்கம் நொறுங்கும் ஓசையும் தொடர்கின்றன.

இங்கு நிகழ்வதை மொழியியலார் எளிதில் உணர்வர். வங்காளத்தில் ‘ஃபோட்டா’ என்னும் வினை பூ மலர்தலையும் வெடித்தல், கொதித்தல் முதலியவற்றையும் குறிக்கும். நிலவு மறைவதற்கு ‘மூழ்குதல்’ என்னும் வினையும், இரவு கழிவதற்கு ‘வெட்டுப்படுதல்’ என்னும் வினையும், துயில் கலைவதற்கு ‘உடைதல்’ என்னும் வினையும் அம்மொழியில் அன்றாட வழக்கு. இவ்வழக்குகளில் வினையின் முதற்பொருள் உறங்கிக் கிடக்கிறது. சுகுமார் புதிய உருவகம் எதனையும் படைக்கவில்லை. வழக்கிலுள்ள வினைக்குரிய ஒலிக்குறிப்பை அருகில் வைக்கிறார். உறங்கிய பொருள் விழித்துக்கொள்கிறது. உடைவது என்றால் ஓசை எழ வேண்டுமல்லவா என்பதே பாடலின் தருக்கம். அது குழந்தையின் தருக்கமுங்கூட.

ஒலிக்குறிப்புச் சொற்கள் வங்காள மொழியில் பெருந்தொகையினவாக இருப்பதை இரவீந்திரநாத் தாகூர் தம் ‘சப்ததத்துவ’ (1909) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஓசைக்கு மட்டுமன்றி ஒளி, அசைவு, வலி, வெறுமை முதலியவற்றுக்கும் இத்தகைய சொற்கள் அம்மொழியில் உள. எமனோ 1969இல் வெளியிட்ட கட்டுரையில், ஒலிக்குறிப்புச் சொற்களின் இப்பெருக்கம் இந்தோ ஆரிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் பொதுவான வட்டாரக் கூறு என நிறுவினார். எனவே ஆங்கிலத்தில் இப்பாடலை ஆக்குவோர் எதிர்கொள்ளும் வறுமை தமிழில் ஆக்குவோர்க்கு இல்லை.

‘ஆபோல் தாபோல்’ என்னும் தலைப்பே இவ்வகையைச் சார்ந்தது. பொருளற்ற பிதற்றலைக் குறிக்கும் இணைச்சொல் அது. முதற்சொல் உயிரில் தொடங்க, இரண்டாம் சொல் மெய்யேறி எதிரொலிக்கிறது. தமிழின் ‘அச்சுப்பிச்சு’ என்னும் பேச்சு வழக்கு ஏறத்தாழ இதே அமைப்பும் பொருளும் உடையது.

5. குழந்தையின் மொழியறிவும் உரத்த வாசிப்பும்

மேற்கூறிய உத்திகள் குழந்தைக்கு எட்டுமா என்னும் ஐயம் எழலாம். ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையாகும். நான்கு முதல் ஏழு வயதுவரை உள்ள சிறுவர்க்குப் பொருளற்ற புனைசொற்களைப் படத்துடன் காட்டி, அவற்றின் பன்மையையும் இறந்தகாலத்தையும் கூறச் செய்தார் அவர். முன்பின் கேட்டிராத சொற்களுக்குக்கூடச் சிறுவர் பெரும்பாலும் உரிய விகுதிகளைச் சேர்த்தனர். குழந்தை சொற்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, விதிகளையே உடைமையாக்கிக் கொள்கிறது என்பது இதனாற் பெறப்பட்டது. புனைசொல்லைக் கண்டு குழந்தை மருளாமைக்குக் காரணமும் இதுவே. அதற்கு நாள்தோறும் கேட்கும் சொற்களுட் பல புதியவை.

தலைகீழ்ப் பாடல்களைக் குழந்தைகள் ஏன் விரும்புகின்றன என்பதை ருசியச் சிறுவர் இலக்கிய ஆசிரியர் கொர்னேய் சுகோவ்ஸ்கி ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்னும் நூலில் ஆராய்ந்தார். ஏறத்தாழ இரண்டு வயதில் அவருடைய மகள், நாய் ‘மியாவ்’ எனக் கத்துவதாகத் தானே கூறிச் சிரித்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நாய் எவ்வாறு குரைக்கும் என்பதில் உறுதி பெற்ற பின்னரே குழந்தை அதனைப் புரட்டிப் பார்க்கிறது; உறுதியில்லாத இடத்தில் சிரிப்பும் இல்லை. மீறலை நுகர்தல் விதியறிவுக்குச் சான்று என்பது அவர் முடிவு. சுகுமாரின் பாடல்களுக்கு இது முற்றும் பொருந்தும்.

எழுத்தறிவு பெற்ற சிறுவர்க்கும் அவர் இவ்வாறே விளையாட்டு வைத்துள்ளார். 1924இல் நூலாக வெளிவந்த ‘ஹ-ஜ-ப-ர-ல’ என்னும் கதையின் பெயர் ஒழுங்கின்மையைக் குறிக்கும் வழக்கு. அவ்வெழுத்துகளோ பாணினியத்தின் மாகேசுவர சூத்திரங்களில் ‘ஹ ய வ ர’, ‘ல’ என முறையாக வருபவை. யகரமும் வகரமும் வங்காள உச்சரிப்பில் ஜகர பகரங்களாயின. இலக்கணத்தின் ஒழுங்கே குழப்பத்தின் பெயராயிற்று. அக்கதையில் கைக்குட்டையினின்று தோன்றிய பூனை ஒன்று, வேறு சொற்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கூட்டி ‘சஷ்மா’ (மூக்குக் கண்ணாடி) என எழுத்துக்கூட்டிக் காட்டுகிறது. அவற்றுள் ஓர் எழுத்து, பூனை சுட்டிய சொல்லில் இல்லவேயில்லை. அரிச்சுவடி படித்த சிறுவன் பூனையின் பிழையைக் கண்டுபிடிக்கிறான். நேற்றுவரை ஆசிரியர் அவன் பிழையைத் திருத்தினார். இன்று அவன் பிறர் பிழையைத் திருத்துகிறான்.

மற்றொன்றும் இங்குக் கூறத்தக்கது. எழுத்தறியாக் குழந்தைக்கு நூல் பெரியவர் வாய்வழியாகவே சென்றடைகிறது. ஒரே பாடலை நூறுமுறை உரக்கப் படிக்க நேரும் பெரியவர் சலிப்புற்றால் நூல் அவ்வீட்டில் மடிந்துவிடும். சுகுமாரின் பாடல்களுட் பல, வங்காள நாட்டுப்புறக் குழந்தைப் பாடல்களுக்குரிய நாலசைச் சந்தத்தில் அமைந்தவை. நாவுக்கு எளிதில் படிபவை. குழந்தை ஓசையிலும் வியப்பிலும் மகிழ்கையில், பெரியவர் அகராதியின் பெயர் வெடியோசையானதைக் கண்டு நகைக்கிறார். ஒரே வரி இரு வயதினர்க்கும் இரு வேறு வகையிற் பயன்படுகிறது. கேட்ட குழந்தை வளர்ந்து பெரியவராகித் தன் குழந்தைக்குப் படிக்கும்போது, முன்பு செவிக்குத் தப்பிய பகுதி அப்போது அகப்படுகிறது. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் நூலை இருமுறை பெறுகிறது. தலைமுறைதோறும் தொடர்ந்து வாழும் நூலுக்கு இது இன்றியமையாத அமைப்பு எனலாம்.

6. அங்கதம் என்னும் விளக்கம்

‘ஆபோல் தாபோல்’ பாடல்களை ஆங்கிலேயர் ஆட்சியின்மீதும் அதற்கு அடிபணிந்த நடுத்தர வகுப்பினர்மீதும் தொடுக்கப்பட்ட அங்கதமாகக் காணும் திறனாய்வு உண்டு. சிவபெருமான் நாட்டின் விபரீதச் சட்டங்களைப் பட்டியலிடும் ‘ஏகுஷே ஆயின்’ என்னும் பாடல் இதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்பெறும். இத்திறனாய்வு பாடலின் தோற்றச் சூழலை விளக்க வல்லது. அதனை மறுக்க வேண்டியதில்லை. நிலைபேற்றை விளக்க அது போதுமா என்பதே வினா. ஆங்கிலேயர் ஆட்சி 1947இல் முடிந்தது. அங்கதத்தின் இலக்கு மறைந்த பின்னும், அவ்விலக்கைப் பற்றி ஏதும் அறியாத சிறுவர் அப்பாடலைக் கேட்டுச் சிரிக்கின்றனர். இடறி விழுந்தாலும் தண்டனை விதிக்கும் சட்டத்தின் அமைப்பே சிரிப்புக்கு உரியது. ‘இன்னது செய்தால் இன்ன தண்டனை’ என்னும் தொடரமைப்பைக் குழந்தை வீட்டிலேயே நன்கறியும்.

கரோலின் ‘ஆலிஸ்’ (1865) நூலிலும் இதுவே நிகழ்ந்தது. ஐசக் வாட்ஸ் முதலியோர் எழுதிய நீதிப் பாடல்களைக் கரோல் அந்நூலில் நையாண்டி செய்தார். அக்காலச் சிறுவர் அம்மூலப் பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். இன்று மூலப் பாடல்களை உரையாசிரியர் குறிப்புகளிலேயே பெரும்பாலும் காண்கிறோம், நையாண்டிகளோ வாழ்கின்றன. நையாண்டிக்கு இலக்கானது மறைந்தும் நையாண்டி வாழுமாயின், அதன் உயிர் இலக்கில் இல்லை என்பது தெளிவு. நீதிப்பாட்டு என்னும் வகையின் நடையும் தொடரமைப்பும் குழந்தைக்குத் தெரிந்திருந்தாற் போதும். குறிப்பிட்ட பாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘ஆபோல் தாபோல்’ வெளிவந்த அதே 1923இல், விளாதிமிர் நபோக்கவ் ‘ஆலிஸ்’ நூலை ருசிய மொழியில் ஆக்கி வெளியிட்டார். ஆலிசுக்கு ‘ஆன்யா’ எனப் பெயரிட்டதோடு, கரோலின் நையாண்டிப் பாடல்களுக்கு மாற்றாக, ருசியச் சிறுவர் பள்ளியிற் கற்ற கவிதைகளை நையாண்டி செய்யும் பாடல்களைத் தாமே இயற்றி அமைத்தார். சொற்பொருளை நோக்கின் இது மூலத்தினின்று விலகல். நூலுக்கும் சிறுவர்க்கும் இடையேயுள்ள உறவை நோக்கின் இதுவே மூலத்துக்கு நேர்மை.

7. தமிழாக்கத்துக்கு இதனாற் பெறப்படுவன

இந்திய மொழிகளுக்கிடையே சிறுவர் நூல்களைப் பரிமாறும் முயற்சி நேஷனல் புக் டிரஸ்ட் (1957) முதலிய நிறுவனங்களால் நெடுங்காலமாக நடைபெற்றுவருகிறது. கதைநூல்களும் அறிவியல் நூல்களும் இவ்வழியில் எளிதில் மொழி கடக்கின்றன. மொழியையே விளையாட்டுப் பொருளாகக் கொண்ட நூல்கள், பெரும்பாலும் பொருட்சுருக்கத்தைக் கொண்டு மதிப்பிடப்படுவதால், ஒதுக்கப்படுகின்றன. அல்லது பாடநூல் உரைநடையில் பொருள் மட்டும் பெயர்க்கப்பட்டு உயிரிழக்கின்றன. ஒரு மொழியின் குழந்தைகள் நூறாண்டுகளாகப் பேணிவரும் நூலை, அடுத்த மொழியின் குழந்தைகள் ஒரு மங்கலான கதைச் சுருக்கமாகவே அறிவர் எனின், அவ்விழப்புக்கு மொழிபெயர்ப்புக் கொள்கையும் ஒரு காரணம். எனவே, மேற்கண்ட இரு உத்திகளையும் தமிழில் செயற்படுத்திப் பார்ப்பது பயன் தரும்.

7.1 கலவைச் சொற்கள். ‘பகச்சப்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கொக்காமை’ என்றாகும். குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த இச்சொல் செவிக்கு இனிதே. ஆயினும் தமிழில் ‘கடலாமை’ போன்ற தொகைச் சொற்கள் உள்ளமையால், குழந்தை இதனை ஆமையில் ஒருவகை எனவே கொள்ளும். பின்சொல் தலைமை பெறுவது தமிழ்த்தொகையின் இயல்பு. மூலத்திலோ எவ்விலங்கும் தலைமை பெறவில்லை. ‘யானை’, ‘ஆமை’ என்பவற்றைச் சேர்த்தால் உடம்படுமெய் தோன்றி ‘யானையாமை’ என்றாகும், இதுவும் வெறுந்தொகையே. தமிழின் புணர்ச்சி விதி முறையாகச் செயற்படும் இடத்தில் மீறலும் இல்லை, நகையும் இல்லை.

எனவே இறுதி அசையும் முதலசையும் ஒன்றாக உள்ள விலங்குப் பெயர்களைத் தேடல் வேண்டும். எருமை, மைனா என்பவை ‘எருமைனா’ ஆகும். கொக்கு, குரங்கு என்பவை ‘கொக்குரங்கு’ ஆகும். குருவி, விலாங்கு என்பவை ‘குருவிலாங்கு’ ஆகும். இம்மூன்றிலும் கவிதல், மீட்பு ஆகிய இரு நிபந்தனைகளும் பொருந்துகின்றன. பாம்பு, புலி என்பவற்றால் ஆகும் ‘பாம்புலி’ ஆராயத்தக்கது. எழுத்தளவில் பொருத்தம் முழுமையானது. ஒலியளவில், ‘பாம்பு’ என்பதன் பகரம் மெல்லெழுத்தை அடுத்து வருதலின் ஒலிப்புடையது. ‘புலி’யின் பகரம் ஒலிப்பற்றது. தமிழ்க் குழந்தையின் செவி இவ்விரண்டையும் ஓரொலியனாகவே கொள்ளுமாயின், அது புலியைக் கண்டுபிடித்துவிடும். எழுத்தறியாச் சிறுவரிடம் சோதித்து அறியத்தக்க வினா இது; மொழிபெயர்ப்பு மொழியியலுக்குத் திருப்பித் தரும் கொடை எனலாம்.

விலங்குகளை மாற்றின் சுகுமாரின் ஓவியங்கள் பொருந்தாவே என்னும் தடை வலிமையுடையது. ஓவியத்தைக் காத்தல் வேண்டுமெனின் ‘வாத்துள்ளம்பன்றி’, ‘யானைமிங்கிலம்’ போன்ற சொற்களை ஆக்கலாம். முன்னதில் உகரம் இரு சொற்களுக்கும் பொதுவாகிறது. பின்னதில் கவிதல் இல்லை. எனினும் ‘மிங்கிலம்’ என்னும் எச்சம் வேறெச்சொல்லுக்கும் உரியதன்றாகலின் மீட்பு எளிது. ஆனால் இவை நீண்டு சந்தத்தை இழக்கின்றன. சொல் இயலும் இடத்தில் மூல ஓவியத்தைப் பேணலாம். இயலாத இடத்தில் புதிய ஓவியம் வரையச் செய்தலே தக்கது. இப்பாடலில் விலங்குகள் சொற்களிலிருந்தே பிறந்தவை.

7.2 உறங்கும் வினைகள். ‘சப்தகல்பத்ரும்’ பாடலை ஆக்குவோர் நிலவையும் இரவையும் அப்படியே கொண்டுவந்தால் பயனில்லை. தமிழில் நிலவு மறைகிறது, இரவு கழிகிறது, இவ்வினைகளுக்கு ஓசையில்லை. தமிழில் உறங்கிக் கிடக்கும் வினைகள் வேறு. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாடையும் அடிக்கிறது. அடித்தால் ‘பளார்’ என ஓசை எழவேண்டும். நிழல் விழுகிறது, விழுந்தால் ‘தொப்’பென்று கேட்கவேண்டும். பொழுது சாய்கிறது; சாய்வது பெருமரம் போல ‘மடமட’வெனச் சாயலாம். இத்தகைய வழக்குகளைத் தொகுத்து அவற்றுக்குரிய ஒலிக்குறிப்புகளை அமைப்பாராயின், வங்காளக் குழந்தை பெறும் வியப்பைத் தமிழ்க் குழந்தையும் பெறும். இரட்டைக்கிளவி பிரிந்திசைப்பதில்லை எனத் தொல்காப்பியர் வகுத்த விதியும் இங்கு விளையாட்டுக்கு உரியதே. ‘மடமட’வில் ஒரு ‘மட’ மட்டும் கேட்டது, மற்றது எங்கே என வினவும் பாடல் ஒன்றைத் தமிழில் எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வாறு செய்வது மொழிபெயர்ப்பாகுமா, தழுவலாகுமா என்னும் வினா எழும். மூலநூலில் மாறாது காக்கப்பட வேண்டியது எது என்பதைப் பொறுத்தது விடை. கொக்கும் ஆமையும் மாறலாம். கவிதலும் மீட்பும் மாறலாகா. நிலவு மாறலாம். வழக்கு வினை தன் முதற்பொருளோடு விழித்தெழுதல் மாறலாகா. இவ்வரையறைக்குள் நின்று செய்யப்படும் மாற்றம் மொழிபெயர்ப்பே எனக் கொள்ளுதல் தகும். வரையறையின்றி மனம்போனவாறு வேடிக்கை சேர்த்தல் தழுவலுமாகாது.

8. முடிவுரை

‘ஆபோல் தாபோல்’ நூலின் நிலைபேறு அதன் கற்பனையால் மட்டும் விளைந்ததன்று. குடும்பப் புகழாலோ அங்கதத்தாலோ விளைந்ததும் அன்று. குழந்தை ஏற்கெனவே உடைமையாகக் கொண்ட ஒலியமைப்பும் சொல்லமைப்பும் வழக்கும் அந்நூலின் களம். ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் அம்மொழியைப் புதிதாகக் கற்று, அதே உடைமையைப் பெற்று, நூலின் வாயிலில் வந்து நிற்கிறது. மொழி கற்கப்படும்வரை நூல் பழமையடைவதில்லை. சிறுவர் நூல்கள் அனைத்தின் நிலைபேற்றையும் இவ்வொரு காரணத்தால் விளக்க இயலாது; கதையாலும் மாந்தராலும் நிற்கும் நூல்கள் தனி ஆய்வுக்கு உரியன. ஆயினும் மொழிவிளையாட்டு நூல்களைப் பொறுத்தவரை இம்முடிவு வலுவுடையது.

கருத்தில் கொள்ளத்தக்க விளைவு ஒன்று இதிலிருந்து எழுகிறது. இவ்வகை நூல்களைத் தேர்வு செய்தல், மொழிபெயர்த்தல், மதிப்பிடுதல் ஆகியவற்றைப் பொருட்சுருக்கத்தின் அடிப்படையில் செய்தல் தகாது. கைப்படியைக் குழந்தைகள் முன் உரக்கப் படித்துப் பார்த்தலே தக்க சோதனை. ‘எருமைனா’ என்றவுடன் எருமையும் மைனாவும் தம் வாயாலேயே பிரிந்து வரக் குழந்தைகள் கூவுவாராயின், மொழிபெயர்ப்பாளர் தம் கடமையைச் செய்துவிட்டார் எனலாம்.